குடிக்கிற தண்ணீர்தானே என்றேன்

நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எனக்குப் பிறகு கருவிகளைக் கிருமி நீக்குகிற ஸ்டெரிலைசேஷன் அறையின் பொறுப்பை எடுத்துக்கொண்ட ஜெயந்தி பேசினாள்.

"சார், மருந்துல ஊறவெக்கிற தட்ட இன்னிக்கி ஆபரேஷன் தியேட்டர்லேந்து எடுத்துட்டோம். இனிமே எல்லா கருவியும் ஆவி மிஷின்லதான் போவுது."

"நல்லதும்மா," என்றேன்.

"புதுசா சேந்த நர்சுங்க ஒண்ணு கேக்கறாங்க சார். கருவி கழுவற தண்ணிக்குன்னு தனி நோட்டு எந்த ஆஸ்பத்திரிலயும் நாங்க பாத்ததில்ல, இங்க மட்டும் இன்னாத்துக்குன்னு. எனக்குத் தெரிஞ்சத சொன்னேன். நீங்களே எழுதிக் குடுத்தா வகுப்புல படிக்க வெக்கலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்த நோட்டு வந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. அதை மற்றவர்கள் எழுதினால் என்னைக் காப்பாற்றி எழுதுவார்கள், இல்லையென்றால் கூட்டி எழுதுவார்கள். நானே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

எங்கள் குடும்பத்தில் என் அப்பா வரைக்கும் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்த பிறகு எங்கள் தலைமுறை கம்பெனி வாசலில் போய் நின்றது. எனக்கு ஒரு ரசாயனக் கம்பெனியில் பாய்லர் வேலை கிடைத்தது. கரி தள்ளினேன், தண்ணீர் மட்டம் பார்த்தேன், பரீட்சை எழுதி பாய்லர் சர்டிபிகேட் வாங்கினேன். ஒன்பது வருடம் கழித்து கம்பெனியை மூடினார்கள். அப்போதுதான் நெடுஞ்சாலை ஓரத்திலிருந்த அறுபது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றில் பெரிய ஆட்டோகிளேவ் வாங்கியிருந்தார்கள். அறுவை சிகிச்சைக் கருவிகளையும் துணிகளையும் அழுத்தமான நீராவியில் வைத்துக் கிருமி நீக்குகிற இரும்புப் பெட்டி அது. ஆவி தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

என்னைப் பார்த்தது தியேட்டர் பொறுப்பிலிருந்த கஸ்தூரி சிஸ்டர். பெரியபாளையம் பக்கத்தில் நெல் விளைகிற குடும்பத்திலிருந்து நர்சிங் படிக்க வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் சர்டிபிகேட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"முள்ளு பதினஞ்சு பவுண்டு காட்டுது. ஆனா உள்ள அந்த அளவுக்கு சூடு இல்ல. எப்பிடி?"

"உள்ள காத்து மாட்டிக்கினு இருக்குது சிஸ்டர். காத்தும் சேந்து அழுத்தம் குடுக்கும். சூடு குடுக்காது."

"நாளைக்கு காலைல ஏழு மணிக்கு வந்துடு, இருதயம்," என்றார்.

என் முழுப்பெயர் இருதயராஜ். அன்றிலிருந்து அவர் ஓய்வுபெறும்வரை அவருக்கு நான் இருதயம்தான்.

சிஸ்டர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒருவர் தப்பு செய்தால், ஏன் செய்தாய் என்று கேட்கமாட்டார். "செஞ்சு காட்டு" என்பார். எப்போதும் எப்படிச் செய்வாயோ அப்படியே செய், எனக்காகச் செய்யாதே என்பார். நாம் செய்ய, அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். பாதி வேலை செய்து முடிப்பதற்குள் நமக்கே நம் தப்பு தெரிந்துவிடும்.

சேர்ந்த இரண்டாவது மாதம் நடந்தது இது. பத்து துணிக்கட்டு வைக்கவேண்டிய மிஷினில் பதினான்கு வைத்து நேரத்தை மிச்சம் பிடித்தேன். முள் சரியாக ஏறியது, கட்டுகளின் மேல் ஒட்டியிருந்த, ஆவி பட்டால் நிறம் மாறுகிற டேப்பிலும் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. எனக்கு ஒரே பெருமை. சிஸ்டர் வந்து நடுவிலிருந்த ஒரு கட்டைப் புறங்கையால் தொட்டார்.

"தொட்டுப் பாரு."

"லேசா ஈரமா கீது சிஸ்டர். காத்துல வெச்சா காஞ்சிடும்."

அவர் ஒரு சின்னத் தட்டில் தண்ணீர் ஊற்றினார். காய்ந்த துணி ஒன்றின் ஓரத்தை மட்டும் அதில் படும்படி தொங்கவிட்டார். தண்ணீர் துணியில் மெல்ல மெல்ல மேலே ஏறியது. அது நான்கு விரற்கடை ஏறும்வரை என்னை நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னார்.

"நீ கட்ட வெளில எடுத்து அலமாரில வெக்கிற. அலமாரில கிருமி கீது, உன் கைல கீது. துணி காஞ்சி இருந்தா அது வெளியவே நிக்கும். ஈரமா இருந்தா அந்த ஈரத்தப் புடிச்சிக்கினு உள்ள போயிடும். ஈரமான கட்டு, கட்டே இல்ல."

பதினான்கையும் பிரித்து மறுபடி இரண்டு தடவையாக ஏற்றினோம். அன்றைய முதல் ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. ஆபரேஷன் செய்கிற டாக்டர் சுதாகர் கையுறையோடு வாசலில் நின்று, "இன்னிக்கு என்ன சிஸ்டர் லேட்?" என்று கேட்டார். "என்னாலதான் டாக்டர்," என்றார் சிஸ்டர். என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமைதோறும் அவர் ஒரு சோதனை செய்வார். ஆவிக்கும் சுலபத்தில் சாகாத ஒருவகைக் கிருமியின் விதைகளைத் தடவிய சின்னக் காகிதத்துண்டு வரும். அதில் ஒன்றை மிஷினின் நடுவில், கட்டுகளுக்கு உள்ளே வைப்பார். இன்னொன்றை ஆவி காட்டாமல் மேசையில் வைத்துக்கொள்வார். பிறகு இரண்டையும் தனித்தனிக் குப்பியில், கிருமி தின்று வளர்கிற சாற்றில் போட்டு, வெதுவெதுப்பான பெட்டியில் மூடிவைப்பார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் எடுத்துப் பார்ப்போம். மிஷினுக்குள் போய்வந்த குப்பி தெளிவாக இருக்கவேண்டும். போகாத குப்பி கலங்கியிருக்கவேண்டும். போகாத குப்பி கலங்காமல் இருந்தாலும் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். காகிதத்தில் உயிரே இல்லையென்றால் நாம் எதைக் கொன்றோம் என்று கேட்பார். இல்லாததைக் கொன்றுவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருப்பதுதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து என்று அவரிடம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதாகத்தான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சின்னத் துளை ஆபரேஷன்கள் வந்தன. வயிற்றைக் கிழிக்காமல், மூன்று நான்கு துளை போட்டு, குழாய் போன்ற கேமராவை உள்ளே விட்டு, பித்தப்பையையோ குடல்வாலையோ எடுக்கிற முறை. இரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம், பத்து நாளில் வேலைக்குப் போகலாம். கம்பெனி வேலைக்காரர்கள் நிறைந்த எங்கள் பகுதியில் அதைக் கேட்டே ஆட்கள் வந்தார்கள்.

ஆனால் எங்களிடம் அப்போதிருந்த கேமராவும் சில கருவிகளும் ஆவியின் சூட்டைத் தாங்காது. அவற்றுக்கென்று ஒரு நீளத் தட்டு உண்டு. அதில் பச்சை நிறத்தில், கண்ணை எரிக்கிற ஒரு மருந்துத் தண்ணீர் இருக்கும். கருவியைப் பிரித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, அந்தத் தட்டில் முழுக்க மூழ்கும்படி ஊறவைப்போம். ஊறியதும் எடுத்து, மருந்து போகக் கழுவவேண்டும். மருந்து ஒட்டியிருந்தால் நோயாளியின் குடல் வெந்துவிடும். கழுவுகிற தண்ணீர் ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கிய தண்ணீராக இருக்கவேண்டும். கண்ணாடி பாட்டில்களில் நிரப்பி, மூடியில் டேப் ஒட்டி, ஆவியேற்றி, மெதுவாக ஆறவிடவேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் பாட்டில் பொங்கும், வெடிக்கவும் செய்யும்.

ஒரு வருடம் கோடையில் சிஸ்டர் முழங்கால் ஆபரேஷனுக்காக இரண்டரை மாதம் விடுப்பில் போனார். தியேட்டரின் கிருமி நீக்க வேலை முழுவதும் என் கையில் வந்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு துளை ஆபரேஷன்கள் நடந்தன. பாட்டில் தண்ணீர் போதவில்லை. பாட்டிலை ஏற்றினால் துணிக்கு இடமில்லை, துணியை ஏற்றினால் பாட்டில் இல்லை. தியேட்டர் தொட்டிக்குப் பக்கத்தில், ஊழியர்கள் குடிக்கிற தண்ணீருக்காக ஒரு நல்ல பில்டர் மாட்டியிருந்தார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. அதிலிருந்து ஒரு குழாயைக் கருவி கழுவுகிற தொட்டிக்கு இழுத்துவிட்டேன்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். "சார், பில்டர் தண்ணில கழுவிக்கலாமா? குடிக்கிற தண்ணிதானே."

அவர் அடுத்த ஆபரேஷனுக்குக் கை தேய்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், தலையாட்டினார்.

வேலை பறந்தது. சிஸ்டர் வந்து பார்த்தால் பாராட்டுவார் என்றுகூட நினைத்தேன்.

செல்வி என்கிற பெண்ணுக்கு அப்போதுதான் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. இருபத்துமூன்று வயது. சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனியில் வேலை. அவள் அப்பா நாகப்பன் சோழவரம் பக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர். இரண்டாம் நாள் அவளே நடந்து போய் ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். தொப்புளுக்குப் பக்கத்தில், ஆறிப்போன துளைக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. அதிலிருந்து தண்ணீர்போல் சீழ். டாக்டர் கீறிச் சுத்தம் செய்தார், மாத்திரை கொடுத்தார், சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு நாளில், கிருமி எதுவும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. காயம் மூடியது. பத்து நாளில் மறுபடி உடைந்தது. இப்போது இரண்டு துளையில்.

அதே சமயத்தில் குடல்வால் எடுத்த ஒரு லாரி டிரைவரும் அதேபோல் வந்தார். அடுத்து ஒரு டீச்சர். தையல் நூலில் கோளாறாக இருக்கலாம் என்று டாக்டர் நூலை மாற்றினார்.

ஒருநாள் நான் துணிக்கட்டுகளைத் தள்ளிக்கொண்டு போகும்போது நாகப்பன் என்னை நிறுத்தினார்.

"நீங்க உள்ள வேல செய்யறவருதானே? ஒண்ணு கேக்கணும். எம் பொண்ணு ஒடம்பு சுத்தமா வெச்சிக்கலன்னு அன்னிக்கி அந்த சின்ன டாக்டரு சொல்லிட்டாரு. அதுலேந்து அது ஒரு நாளைக்கு மூணு வாட்டி குளிக்குது. காயத்துல சோப்பு போட்டுத் தேய்க்குது. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குது. கம்பெனி பஸ்சுல பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்களாம், வாட வருதுன்னு. அதும் மேல இன்னா தப்புன்னு நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

செல்வி அவருக்குப் பின்னால் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவை வயிற்றின் மேல் நான்கு மடிப்பாக மடித்துப் பிடித்திருந்தாள். டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகப் பொன்னேரியில் லோக்கல் ரயில் ஏறி உட்கார்ந்தபோது அந்தப் பெண் சோப்புப் போட்டுத் தேய்ப்பது மனதில் வந்துகொண்டே இருந்தது. அவள் தேய்க்கிறாள், டிரைவர் தேய்த்தாரா, டீச்சர் தேய்த்தாரா என்று ஒவ்வொருவராக யோசித்தேன். கவரைப்பேட்டை தாண்டும்போதுதான் உறைத்தது. மூன்று பேரும் துளைக்காரர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் தியேட்டர் ரிஜிஸ்டரை எடுத்தேன். அந்த இரண்டு மாதத்தில் வயிற்றைப் பெரிதாகக் கிழித்து ஆபரேஷன் செய்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவருக்கும் இந்தக் கட்டி வரவில்லை. அவர்களுடைய கருவிகள் ஆவியில் போய்வந்தவை. இவர்களுடைய கருவிகள் பச்சை மருந்தில் ஊறி, நான் இழுத்துவிட்ட குழாயில் கழுவப்பட்டவை. ரிஜிஸ்டரில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் என் கையெழுத்து இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. ஒருவேளை நூல்தானோ, புது நூலில் சரியாகிவிடுமோ என்று மனம் ஓடியது. பாட்டில் தண்ணீருக்கு மட்டும் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன். மூன்றாவது நாள் சிஸ்டர் கைத்தடியோடு வேலைக்குத் திரும்பி வந்தார். அவரைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"செஞ்சு காட்டு."

கருவியைப் பிரித்தேன், தேய்த்தேன், ஊறவைத்தேன். எடுத்து, தொட்டியில் வைத்து, பில்டர் குழாயைத் திறந்தேன்.

"நில்லு. இந்தத் தண்ணி எங்கேந்து வருது?"

"பில்டர்லேந்து சிஸ்டர்."

"பில்டருக்கு?"

"மேல் டேங்க்லேந்து."

"டேங்குக்கு?"

"லாரில."

"பில்டர கழட்டு."

கழற்றினேன். உள்ளேயிருந்த உருளையையும் அதற்குப் பிறகு வருகிற குழாயையும் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சுண்டுவிரலைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றி எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். வழுவழுவென்று இருந்தது.

எனக்கு அந்த வழுவழுப்பு நன்றாகத் தெரியும். பாய்லருக்குத் தண்ணீர் போகிற தொட்டியில் மாதா மாதம் அதைச் சுரண்டி எடுத்தவன் நான். தண்ணீர் நிற்கிற இடத்தில் கிருமிகள் கூட்டாகச் சேர்ந்து, தங்களைச் சுற்றிப் பசை போலக் கட்டிக்கொண்டு வாழ்கின்றன, மருந்து ஊற்றினாலும் அந்தப் பசை அவற்றைக் காப்பாற்றும் என்று கம்பெனியில் கெமிஸ்ட் சொல்லியிருந்தார். இரும்புக் குழாயில் அதை அறிந்த எனக்கு, ஆஸ்பத்திரியின் பளபளப்பான பில்டரில் அதை எதிர்பார்க்கத் தெரியவில்லை.

"நீ டாக்டர்கிட்ட சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"நானே சொல்றேன்."

டாக்டர் சுதாகர் முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீங்க என்னைக் கேட்டீங்க இல்ல?" என்றார்.

"கேட்டேன் சார்."

"தலையாட்டினேன்."

"ஆமா சார்."

"சரி. இன்னியிலிருந்து துளை ஆபரேஷன் கிடையாது. தண்ணி, பில்டர், செல்வியோட சீழ், மூணையும் எடுத்துட்டு நீங்களே சென்னைக்குப் போங்க."

சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கிருமியியல் படித்த அம்மா ஒருவர் இருந்தார். எங்கள் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையசைத்தார். "ரெண்டு நாள்ல கிருமி வளர்க்கிற தட்டைத் தூக்கிப் போட்டா இது எப்படித் தெரியும்? இந்தக் கிருமிக்கு அவசரம் கிடையாது. ஒரு வாரம் விடுங்க," என்றார்.

ஏழாம் நாள் பதில் வந்தது. செல்வியின் சீழிலும் எங்கள் பில்டர் குழாயிலும் ஒரே கிருமி. காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம். ஆனால் காசநோய்போல ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் சாதாரணமாக இருப்பது. தினமும் நாம் எல்லோரும் குடிக்கிறோம், அதிலேயே குளிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. தோல் அதை உள்ளே விடாது, வயிறு அதைச் சமாளித்துவிடும். ஆனால் தோலைத் துளைத்து, ரத்த ஓட்டம் குறைவான கொழுப்புக்குள் கொண்டுபோய் நாமே வைத்துவிட்டால் அது அங்கே தங்கிவிடும். மெழுகுபோல ஒரு மேலுறை அதற்கு உண்டு. உடம்பின் காவல் அணுக்களுக்கும் சாதாரண மருந்துகளுக்கும் அது சுலபத்தில் அடங்காது. வாரக்கணக்கில் சத்தமில்லாமல் பெருகி, பிறகுதான் கட்டியாக வெளியே தெரியும். மருந்தில் சுத்தமாகி வந்த கருவியை நான் கழுவுவதாக நினைத்து, இந்தக் கிருமியில் முக்கி எடுத்துக் கொடுத்திருந்தேன்.

அந்த வாரங்களில் துளை ஆபரேஷன் செய்துகொண்ட எல்லோரையும் போனில் கூப்பிட்டு வரச்சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"நல்லா இருக்கறவங்களயும் கூப்டு இன்னாத்துக்கு டாக்டர் பேஜாரு? வந்தவங்களுக்கு வைத்தியம் பாருங்க, போதும்."

"நல்லா இருக்காங்களான்னு தெரிஞ்சிக்கத்தான் கூப்பிடறேன்," என்றார் டாக்டர். "கூப்பிட வேணாம்னா சொல்லுங்க. அப்புறம் இந்தத் தியேட்டர்ல நான் கத்தி எடுக்க மாட்டேன்."

முதலாளி சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் ஏற்கெனவே ரிஜிஸ்டரைத் திறந்து போன் நம்பர்களை எழுதிக்கொண்டிருந்தார். முதலாளி மேலே போய்விட்டார்.

கூப்பிட்டதில் இன்னும் இரண்டு பேருக்குக் கட்டி ஆரம்பித்திருந்தது தெரிந்தது. அவர்களுக்குச் சின்னதாக இருக்கும்போதே வைத்தியம் தொடங்க முடிந்தது.

செல்வியிடம் சொல்லும்போது நானும் இருக்கவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். அவளும் நாகப்பனும் எதிரே உட்கார்ந்தார்கள். சிஸ்டர் கதவருகில் நின்றார். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: இந்தக் கிருமி எங்கள் தண்ணீரிலிருந்து வந்தது, கெட்டுப்போன சதையை எடுக்கச் சின்ன ஆபரேஷன் செய்யவேண்டும், ஒரு மாதம் தினமும் ஊசி, ஆறு மாதம் மாத்திரை, ஆனால் குணமாகிவிடும்.

நாகப்பன் வாயைத் திறப்பதற்குள் செல்வி கேட்டாள்.

"அப்போ நான் சுத்தமா இல்லாததால வரலியா சார்?"

"இல்லம்மா. நீ சுத்தமாதான் இருந்த. நாங்கதான் இல்ல."

அவள் அழுதாள். குணமாக ஆறு மாதம் ஆகும் என்று சொன்னபோது வராத அழுகை இப்போது வந்தது. "கேட்டியா நைனா," என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள்.

நாகப்பன் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். "யாரு செஞ்சது?"

"நான்தாங்க," என்றேன். "கழுவற தண்ணிய மாத்தினது நான்."

"நான் சரின்னு சொன்னேன்," என்றார் டாக்டர்.

நாகப்பன் எழுந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அன்னிக்கி ஒன்ன நிறுத்திக் கேட்டேனே," என்றார். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

அன்று மாலை ராஜினாமாக் கடிதம் எழுதி சிஸ்டரிடம் கொடுத்தேன். படித்தார், நான்காக மடித்தார்.

"நீ போயிட்டா அடுத்து வர்றவன் இதே தப்ப மொதல்லேந்து கத்துக்குவான். நீ ஏற்கெனவே கத்துக்கினே. போய் பாட்டில ரொப்பு."

கடிதத்தை மேசை டிராயரில் போட்டுவிட்டு ஒரு புது நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். எந்தத் தேதி ஏற்றிய பாட்டில், மிஷினின் எத்தனையாவது ஏற்றத்தில் வந்தது, டேப் நிறம் மாறியதா, திறந்தது யார், எந்த நோயாளிக்கு. முதல் வரியில் என் பெயரை எழுதினேன். ஜெயந்தி கேட்ட நோட்டு அதுதான். பில்டர் குழாயைத் தொட்டியிலிருந்து பிடுங்கி, ஓட்டையைச் சிமெண்ட் வைத்து நானே அடைத்தேன்.

செல்வி தினமும் ஊசிக்கு வந்தாள். முதல் வாரம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பெனியில் அவளை மறுபடி சேர்க்கத் தயங்குகிறார்கள் என்று தெரிந்ததும், இது யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் தன் கையால் கடிதம் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு சிஸ்டர் தடியை ஊன்றி சிப்காட் கேட்வரை போய், சூப்பர்வைசரைப் பார்த்து, பஸ்ஸில் உட்காருகிறவர்களிடமும் விளக்கிச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டாம் மாதம் செல்வி வேலைக்குத் திரும்பினாள். ஒருநாள் மாத்திரை வாங்கிக்கொண்டு போகும்போது என் அறை வாசலில் நின்றாள்.

"அந்தக் கிருமி கண்ணுக்குத் தெரியுமா அண்ணே?"

"மைக்ராஸ்கோப்ல தெரியும்மா. சிவப்பா, குச்சிகுச்சியா இருக்கும்."

"அவ்ளோதானா?" என்றாள். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவளுக்கு.

ஆறு மாதம் என்றது எட்டு மாதமாக இழுத்தது. ஐந்து பேருக்கும் குணமானது. செல்விக்குத் தொப்புள் பக்கம் ஒரு பள்ளம் மட்டும் நின்றுவிட்டது. பிறகு அவளுக்குக் கல்யாணமாகி, மீஞ்சூரில் குடியேறி, பிரசவத்துக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அதில் வருத்தப்பட எனக்கு உரிமையில்லை. குழந்தையும் அவளும் நலம் என்று கேட்டதே போதும் என்றிருந்தது.

அதன்பிறகு பதினோரு வருடம் அதே அறையில் வேலை செய்தேன். கஸ்தூரி சிஸ்டர் ஓய்வுபெற்ற பின் திங்கட்கிழமைக் குப்பிகள் என் பொறுப்பாயின. ஒரு துளைக்காரரும் அந்தக் கட்டியோடு திரும்பி வரவில்லை. ஒன்றும் நடக்காமல் கழிந்த நாட்கள்தான் இந்த வேலையில் நல்ல நாட்கள். அப்படிப்பட்ட நாட்கள் எனக்கு நிறையவே கிடைத்தன.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்தச் சம்பவம் நடந்து நான்கைந்து வருடம் இருக்கும். காலையில் முதல் ஆபரேஷன், குடலிறக்கம், துளை முறையில். கருவித் தட்டை எடுத்துக்கொண்டு தியேட்டருக்குள் போனேன். மேசைமேல் பச்சைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தவர் நாகப்பன். தலை நன்றாக நரைத்திருந்தது. படுக்கச் சொல்லியும் படுக்கமாட்டேன் என்கிறார் என்று நர்ஸ் என்னிடம் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். "தண்ணிக்காரருதானே?"

"ஆமாங்க."

"இங்கதான் வேல செய்யறியா இன்னும்?"

"இங்கதாங்க."

"இன்னிக்கி எந்தத் தண்ணி?"

"மிஷின்ல ஆவி காட்டின தண்ணிங்க. நேத்து நானே ஏத்தினேன்."

"எடுத்தாந்து காட்டு."

திறக்காத பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். டேப்பில் விழுந்திருந்த கறுப்புக் கோடுகளை விரலால் காட்டி, ஆவி பட்டால்தான் இது கறுக்கும் என்றேன். விளக்கு வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நோட்டையும் கேட்டார். கொண்டுவந்து அன்றைய வரியைக் காட்டினேன். என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"செரி," என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

மயக்க மருந்து டாக்டர் வரும்வரை அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.